அலாஸ்காவுக்குப் போகாத மேப்பிள் வில்லைகள்

ஹார்லோ மில்ஸ், வெர்மான்ட்
ஜூன் 9, ஞாயிறு மதியம்

அன்புள்ள மகன் ரஸ்ஸலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நலமா என்று கேட்க வேண்டிய நாளில் கேட்காமல் விட்டுவிட்டு, பத்தொன்பது மாதம் கழித்துக் கேட்கிறேன். நலமாக இருக்கிறாயா?

உன் பதினைந்து கடிதங்களும் வந்து சேர்ந்தன. ஒன்றுகூடத் தொலையவில்லை. எல்லாவற்றையும் படித்தேன். இரண்டாவது கடிதத்தைப் பிரித்துப் பிரித்து மடித்ததில் மடிப்பு கிழிந்து, இப்போது டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆகவே நீ எழுதியது எனக்குக் கிடைக்கவில்லையோ என்று இனி நினைக்க வேண்டாம். கிடைத்தது. பதில் எழுதாதது நான்தான்.

உறையின் மேல் உன் பெயருக்குப் பக்கத்தில் உன் எண்ணையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள் என்று உன் வக்கீல் சொன்னார். முதல் மாதம் மூன்று உறைகளை எடுத்து உட்கார்ந்தேன். உன் பெயரை எழுதிவிடுவேன். எண்ணை எழுதப்போகும்போது பேனா நின்றுவிடும். மூன்றையும் அடுப்பில் போட்டேன். அதன் பிறகு எழுதாமல் இருப்பது பழகிவிட்டது. இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் பழகிவிட்டது என்பதுதான் உண்மை.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் சிறையில் யாரோ ஒருவர் பிரித்துப் படிப்பார் என்று தபால் நிலையத்து வெர்னா சொன்னாள். படிக்கட்டும். இனி மறைக்க என்னிடம் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை.

ஊர்ச் செய்தி கொஞ்சம் சொல்கிறேன். இந்த வருடம் பனி ஏப்ரல் கடைசிவரை போகவில்லை. கரடி ஒன்று வந்து பறவைத் தீனிக் கூண்டைக் கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. மேல்காட்டு மேப்பிள் மரங்களில் பக்கத்துப் பண்ணை லைல்தான் இப்போதும் துளையிட்டுச் சாறு எடுக்கிறார். அப்பா காலமானதிலிருந்து வருடம் தவறாமல் நம் பங்குப் பாகை வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்துவிடுகிறார். இந்த முறை பருவக் கடைசியில் காய்ச்சிய கறுத்த பாகாகக் கேட்டு வாங்கினேன். மேப்பிள் வில்லை சுட அதுதான் சரி. வெளிர் பாகை ஓவனில் வைத்தால் வெறும் இனிப்புத்தான் மிஞ்சும், மேப்பிள் வாசனை எங்கோ போய்விடும்.

அந்த வில்லைகளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நீ எங்கே இருக்கிறாய் என்று ஊரில் நான் யாரிடமும் சொல்லவில்லை, ரஸ்ஸல். சொல்லாமல் விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வேறு ஓர் இடத்தைச் சொன்னேன். உனக்குத் தண்டனை விதித்த வாரம் அது. கடையில் டின் வரிசைக்கு முன்னால் நின்றிருந்தேன். தேவாலயத்துச் சமையலறையை நடத்தும் ஃபிலிஸ் உனக்கு நினைவிருக்கும். பின்னாலிருந்து வந்து, “என்ன ஆர்லீன், உன் பையன் சத்தத்தையே காணோம், எங்க இருக்கான் இப்போ?” என்று கேட்டார்கள். என் கையில் ஒரு சால்மன் மீன் டின் இருந்தது. அதன் மேல் அலாஸ்கா என்று அச்சடித்திருந்தது. “அலாஸ்காவுல மீன்பிடிக் கப்பல்ல வேலை” என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகு அந்த டின்னை வாங்காமல் வரவும் வெட்கமாக இருந்தது.

ஃபிலிஸிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. ஒரு வாரத்துக்குள் எல்லோரும் விசாரிக்க ஆரம்பித்தார்கள். அங்கே குளிர் எப்படி, கப்பலில் சாப்பாடு யார் சமைப்பது, அலை பெரிதாக இருக்குமா என்று. பதில் சொல்வதற்காகவே நூலகத்திலிருந்து அலாஸ்கா பற்றிய புத்தகம் எடுத்துவந்து படித்தேன். உனக்குப் பூகோளம் எடுத்த விட்கோம் சார் ஊர் மண்டபத்தில் ஒரு வரைபடம் மாட்டி வைத்திருக்கிறார். வெளியூர் போன பிள்ளைகள் இருக்கும் இடங்களில் ஊசி குத்துவார். “எந்தத் துறைமுகம்மா?” என்று என்னிடம் கேட்டார். கோடியாக் என்று விரல் வைத்துக் காட்டினேன். சிவப்பு ஊசி குத்தினார். “நம்ம ஊர்லேருந்து இவ்வளவு தூரம் போன ஒரே பையன் இவன்தான்” என்றார். அவர் முகத்தில் அத்தனை பெருமை. நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

போன குளிர்காலத்தில் நீ நான்கு முறை தொலைபேசியில் கூப்பிட்டாய். எடுத்ததும் அந்தப் பதிவு செய்த குரல் வரும், சிறைச்சாலையிலிருந்து அழைப்பு, ஏற்றுக்கொள்ள ஒன்றை அழுத்தவும் என்று. மூன்று முறை பயந்துபோய் வைத்துவிட்டேன். நான்காவது முறை ஃபிலிஸ் என் சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். வைத்துவிட்டு, ஏதோ விற்கிறவர்கள் என்று சொன்னேன். “இவனுங்களுக்கு வேற வேலையே இல்ல” என்றார்கள் அவர்கள். ஆமாம் என்றேன். உன்னைப் பற்றி, ஆமாம் என்றேன்.

இந்த மார்ச்சில் மண்டபத்தில் பனி விருந்து வந்தது. நான் வழக்கம்போல மூன்று தட்டு வில்லை சுட்டேன். மாவை வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் போட்டுப் பிசிறி, தட்டில் அழுத்தி, அதை மட்டும் முதலில் ஓவனில் வைத்து ஓரம் சிவந்ததும் எடுத்தேன். பிறகு முட்டையும் பாகும் உப்பும் வால்நட்டும் கலந்து மேலே ஊற்றினேன். வேலையெல்லாம் கை பாட்டுக்குச் செய்தது. ஆறியதும் வெட்டும்போதுதான் கஷ்டமாகிவிட்டது. மொறுமொறுவென்ற ஓரத்துத் துண்டுகளை நீ எடுத்துக்கொண்டு, நடுத்துண்டுகளை எங்களுக்குத் தள்ளுவாயே, அந்த ஓரங்களை என்ன செய்வதென்று தெரியாமல் வெட்டி வைத்தேன்.

விருந்தில் சூடான பாகைப் பனியில் ஊற்றி இறுகவிட்டு, திகட்டாமலிருக்க ஊறுகாயோடு தின்று, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஃபிலிஸ் எழுந்து, “ரஸ்ஸலுக்கு ஒரு டின் அனுப்பணும். அந்தக் குளிர்ல பையன் பாவம் மீனையே தின்னுட்டுக் கிடப்பான்” என்றார்கள். அப்போதே ஒரு பெரிய டின்னில் காகிதம் விரித்து என் வில்லைகளை அடுக்கினார்கள். நாற்பது வில்லை. ஓரத்துத் துண்டுகளாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவனுக்கு அதுதான் பிடிக்கும் என்று. ஒரு அட்டை சுற்றி வந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியாக அது வெர்னாவிடம் வந்தது.

வெர்னாதான் இப்போதும் நம் தபால் நிலையத்தில் இருக்கிறாள். கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்து, “நாளைக்கு டின்ன எடுத்துக்கிட்டு என்கிட்ட வா ஆர்லீன். எந்த விலாசமா இருந்தாலும் நான் அனுப்பி வெக்கிறேன்” என்றாள். ‘எந்த விலாசமா இருந்தாலும்’ என்றாள். அப்போது எனக்கு உறைக்கவில்லை. டவுனுக்குப் போகிற வேலை இருக்கிறது, அங்கேயே அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லி டின்னை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சிறைக்கு வீட்டுச் சாப்பாடு அனுப்பக் கூடாது என்பது எனக்குத் தெரியும். யாருக்கும் கொடுக்கவும் முடியாது. ஊரில் எல்லோரும் அந்த டின்னைப் பார்த்திருக்கிறார்கள். காட்டில் கொட்டலாம் என்று எடுத்துப் போனேன், மனம் வரவில்லை. கடைசியில் நானே தின்றேன். நாளுக்கு ஒன்று, காலையில் தேநீரோடு, நாற்பது நாள். உனக்கு என்று பொறுக்கி வைத்த ஓரத்துத் துண்டுகளை உட்கார்ந்து தின்றேன், ரஸ்ஸல். நன்றாகத்தான் இருந்தன. அது இன்னும் கேவலமாக இருந்தது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஃபிலிஸ் ஞாயிறுதோறும் கேட்க ஆரம்பித்தார்கள். “டின் போய்ச் சேந்துச்சா? பையன் என்ன சொன்னான்? ஒரு வரி எழுதக் கூடாதா அவன்?” உன்னை நன்றி கெட்டவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று எனக்குப் பயம். எதற்குப் பயப்பட்டேன் பார்.

ஆகவே உன் கடிதத்தை நானே எழுதினேன். மேசையில் உன் நிஜக் கடிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, வரி போகப் போகக் கீழே சரியும் உன் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். நான் பதில் போடாத கடிதங்களை வைத்துக்கொண்டு. கப்பலில் பதினொரு பேர் என்றும், டின்னைத் திறந்த பத்து நிமிடத்தில் காலி என்றும், கேப்டன் இரண்டு வில்லையைத் தொப்பிக்குள் ஒளித்துக்கொண்டார் என்றும் எழுதினேன். உங்கள் எல்லோரையும் நினைத்துக்கொள்கிறேன் என்று முடித்தேன். மே மாதம் முதல் சனிக்கிழமை, ஊரே சேர்ந்து சாலையோரக் குப்பை பொறுக்கும் நாளில், மதியச் சாப்பாட்டின்போது மண்டபத்தில் எழுந்து நின்று அதைப் படித்தேன். கேப்டன் தொப்பிக்கு எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வரிக்கு ஃபிலிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். வெர்னாவும் தட்டினாள். தட்டிவிட்டு, சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

திங்கட்கிழமை தபால் எடுக்கப் போனேன். வேறு யாரும் இல்லை. வெர்னா என் கட்டை எடுத்துக் கொடுத்தாள். எப்போதும்போல விளம்பரத் தாள்கள் மேலே, உன் கடிதம் அடியில், விலாசப் பக்கம் கீழே பார்த்தபடி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்றரை வருடமாக உன் கடிதங்கள் எல்லாமே அப்படித்தான் வந்திருக்கின்றன. உறையின் மேல் சிறைச்சாலை முத்திரை பெரிதாகச் சிவப்பில் இருக்கும். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் கண்ணில் அது படாமல் அவள் ஒவ்வொரு முறையும் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.

அவள் சொன்னாள், “இது நெஜமா அவன் எழுதினது. பதினஞ்சாவது. நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

நான் உறையைக் கைப்பைக்குள் வைத்தேன்.

“அலாஸ்கான்னு சொன்ன பாரு, அதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஊர் வாய்க்குப் பயந்து யாரு பொய் சொல்லல? டின்ன எங்கிட்ட கொண்டுவருவ, அப்போ நாம ரெண்டு பேருமா பேசிக்கலாம்னு பாத்தேன். நீ வரல. சரின்னு விட்டேன். ஆனா ஒண்ணு மட்டும் என்னால தாங்க முடியல ஆர்லீன். அவன்கிட்டேருந்து உனக்கு பதினஞ்சு வந்திருக்கு. உன்கிட்டேருந்து அவனுக்கு ஒண்ணுகூட என் கையால போகல. வேற ஊர்ல போய்ப் போடறியோன்னு நெனச்சு மனசத் தேத்திக்கிட்டேன். அப்படிப் போடறியா?”

இல்லை என்றேன்.

“அவன் பேர்ல நீயே ஒரு கடுதாசி எழுதத் தெரிஞ்சுது. அவனுக்கு ஒண்ணு எழுதத் தெரியல.” அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு வேறு யாரோ உள்ளே வர, அவர்களிடம் கரடியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

காரில் உட்கார்ந்தே உன் பதினைந்தாவது கடிதத்தைப் பிரித்தேன். அதில் நீ எழுதியிருந்தது ஒரு முறை படித்ததிலேயே எனக்கு மனப்பாடம். இங்கே என்னைப் பார்க்க வருபவர்களின் பட்டியலை வருடத்துக்கு ஒரு முறை புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும், போன வருடம் அம்மா உன் பெயர் ஒன்றை மட்டும் எழுதியிருந்தேன், இந்த வருடம் தாளை வெற்றாகக் கொடுத்துவிட்டேன், நீ சங்கடப்பட வேண்டாம் அம்மா, இனி எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று எழுதியிருந்தாய். அதில் கோபம் ஒன்றும் இல்லை. அதனால்தான் அந்தக் கடிதத்தை இரண்டாவது முறை படிக்க என்னால் முடியவில்லை.

பத்து நாள் நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. தபால் எடுக்கவும் போகவில்லை. பிறகு ஒரு புதன்கிழமை, தேவாலயச் சமையலறையில் பெண்கள் கூடும் நாள், காலையில் எழுந்து ஒரு தட்டு வில்லை சுட்டேன். வெறுங்கையோடு அவர்கள் முன்னால் போய் நிற்கத் தைரியம் இல்லை. பதற்றத்தில் நேரம் பார்க்காமல் ஓவனிலிருந்து சீக்கிரமே எடுத்துவிட்டேன் போலிருக்கிறது. அங்கே போய்க் கத்தி வைத்ததும் நடுப்பகுதி அப்படியே கூழாக ஒழுகியது. ஃபிலிஸ் பார்த்துவிட்டு, “என்ன ஆர்லீன், நாப்பது வருஷமா சுடறே, இன்னிக்கு என்ன வந்துச்சு உனக்கு?” என்று சிரித்தார்கள். கிண்ணமும் கரண்டியும் எடுத்துவரச் சொன்னார்கள். எல்லோரும் கிண்ணத்தோடு உட்கார்ந்த பிறகு சொன்னேன்.

எல்லாவற்றையும் சொன்னேன், ரஸ்ஸல். முதுகு வலி மாத்திரையில் ஆரம்பித்து நீ அதற்கு அடிமையானதை. மாத்திரைக்காக நீ ஒரு பெரியவரின் வீட்டுக்குள் நுழைந்ததை. அவரைத் தள்ளியதில் அவர் இடுப்பு உடைந்ததை. ஆறு வருடத் தண்டனையை. எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பெரியவர் இன்னும் கைத்தடியோடுதான் நடக்கிறார் என்று உன் வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீ செய்தது சின்ன விஷயம் என்று நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன். நீயும் அப்படிச் சொல்லவில்லை என்பதை உன் கடிதங்களில் பார்த்தேன்.

யாரும் கரண்டியைத் தூக்கவில்லை. முதலில் பேசியது ஃபிலிஸ்தான். “அப்போ அந்தக் கடுதாசி?” என்றார்கள்.

நான் எழுதியது என்றேன்.

“கேப்டன் தொப்பி?”

அதுவும் நான்தான் என்றேன்.

அவர்கள் முகம் சிவந்துவிட்டது. “பையன் ஜெயிலுக்குப் போனான்னு சொல்லியிருந்தா நான் அழுதிருப்பேன், உன்கூட உக்காந்து அழுதிருப்பேன். நீ என்னை ஒரு தொப்பிக்கு அழ வெச்சிருக்கே. ராத்திரி ஜெபத்துல அந்தக் கப்பலுக்கும் சேத்து வேண்டிக்கிட்டிருந்தேன்டி நான்.” சொல்லிவிட்டு மேலங்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்றுவரை என்னோடு பேசவில்லை. இன்று தேவாலயத்தில்கூட வேறு பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஏமாற்றப்பட்டது அவர்கள்தானே.

மற்றவர்கள் என்னைத் தொட்டுத் தேற்றினார்கள். ஒருத்தி மட்டும் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் கிண்ணங்களைக் கழுவினாள். அவளும் ஏதோ மறைத்து வைத்திருக்கிறாளோ என்று தோன்றியது, கேட்கவில்லை. செய்தி விட்கோம் சாருக்குப் போய்விட்டது. அடுத்த நாள் நான் மண்டபத்து வழியாகப் போகும்போது கூப்பிட்டார். வரைபடத்தில் கோடியாக்கில் இருந்த ஊசியைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தார். “இதத் தூக்கிப் போடறதா, மாத்திக் குத்தறதா? நீங்க சொல்லுங்க” என்றார். ஓஹையோவில் உன் சிறை இருக்கும் ஊரைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து, சரியான இடம் பார்த்துக் குத்தினார். “பன்னெண்டு மணி நேரம் கார்ல போகணும்” என்று மட்டும் சொன்னார்.

வெர்னாவும் அதையேதான் சொல்கிறாள். “நான் ஓட்டறேன். உன்ன ஓட்ட விட்டா மலையெறக்கம் பூரா பிரேக்க மிதிச்சே கொன்னுடுவ” என்கிறாள். ஜூலையில் அவளுக்கு ஒரு வாரம் விடுப்பு இருக்கிறது. அங்கே அறைக்குள் எதுவும் கொண்டுவரக் கூடாதாமே, இயந்திரத்தில் விற்கும் சிப்ஸும் சோடாவும்தானாம். பரவாயில்லை. நீ அதைத் தின்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது, அதை நேரில் சொல்கிறேன். ஆனால் வெட்கம் உன்னால் வந்தது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னை ஒரு டின்னின் மேல் அச்சடித்திருந்த ஊருக்கு அனுப்பிவிட்டு, நீ இருக்கும் இடத்தில் உன்னைத் தனியாக விட்டது நான். அந்த வெட்கம் என்னுடையது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். உடனே தர வேண்டியதில்லை. நானும் உடனே எதையும் தரவில்லை.

உன்னிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன், மகனே. பட்டியலை நடுவில் திருத்த முடியுமா என்று வெர்னா தொலைபேசியில் விசாரித்தாள். முடியுமாம், உள்ளே இருப்பவர் கேட்டுக்கொண்டால் ஒரு தாள் கொடுப்பார்களாம். கேள். முழுப் பெயர் வேண்டும், ஆர்லீன் மே டுஷேன் என்று எழுது. பிறந்த தேதி உனக்குத் தெரியும். அதற்குக் கீழே என்ன உறவு என்று ஒரு கட்டம் இருக்குமாம். அங்கே என்ன எழுதுவது என்று உனக்கு யோசனையாக இருந்தால், அதை வெற்றாக விட்டுவிடு. நான் வந்து எழுதிக்கொள்கிறேன்.

ஆண்டவர் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும், நான் வந்து சேரும்வரை.

உன்,
அம்மா